எஞ்சினுக்கு ஏசி

2018 டாட்ஜ் சேலஞ்சர் எஸ்ஆர்டி டீமன் காரில் நேர்கோட்டுப் பந்தயத்துக்கான டிராக் மோடுக்கு மாறினால், ஏசி உள்ளே உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடும். கேபினுக்கு வர வேண்டிய குளிர் முழுவதும் சூப்பர்சார்ஜர் பக்கம் திரும்பும். டிரைவர் வியர்க்கலாம், எஞ்சின் வியர்க்கக் கூடாது என்பது அதைச் செய்தவர்களின் முடிவு.

டீமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் 6.2 லிட்டர் வி8 எஞ்சினையும், 100 ஆக்டேன் பெட்ரோலில் அது தரும் 840 குதிரைத்திறனையும், கால் மைலை 9.65 வினாடியில் கடந்ததையும் சொல்வார்கள். எனக்கு அந்த ஏசிதான் பெரிது. சூப்பர்சார்ஜர் காரை ரசிக்க வேண்டுமானால் அதன் காற்றோடு கூடவே போக வேண்டும். எங்கே சூடேறுகிறது, எங்கே ஆறுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் வண்டி முழுவதும் புரிந்துவிடும்.

சைக்கிள் பம்பால் காற்றடித்தவர்களுக்கு அதன் அடிப்பக்கம் சுடுவது தெரியும். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரும் பம்புதான். டீமனின் உச்ச பூஸ்ட், அதாவது அது கூட்டும் அழுத்தம், 14.5 பிஎஸ்ஐ. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. 27 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை இப்படி அழுத்தினால், குறையே இல்லாத இயந்திரத்தில்கூட அது 93 டிகிரியைத் தொட்டுவிடும். குறையில்லாத இயந்திரம் உலகில் கிடையாது என்பதால், நடைமுறையில் 120 டிகிரியையும் எட்டலாம்.

சூடான காற்றால் இரண்டு கேடு. ஒன்று, அது விரிந்துவிடுவதால் அதே இடத்தில் கொஞ்சம்தான் அடங்கும். 120 டிகிரிக் காற்றை அழுத்தம் குறையாமல் 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். இரண்டாவது கேடு இதைவிடக் கொடியது. வெந்துபோன காற்றோடு கலந்த பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் தானாக வெடிக்கும். எஞ்சின் ‘தட்டுது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தட்டினால் பிஸ்டனுக்கே ஆபத்து. அதனால் எஞ்சினின் கம்ப்யூட்டர் இன்டேக் சென்சார் காட்டும் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது ஏற ஏற ஸ்பார்க் விழும் நேரத்தைத் தள்ளிப்போடும். இழுவை குறையும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கார் முழு மனதோடு ஓடாது.

இனி காரின் முன்னால் வந்து நின்று பாருங்கள். டீமனின் உட்பக்க முகப்பு விளக்குகள் இரண்டும் நடுவில் துளையோடு இருக்கும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், அவை காற்றுக் குழாயின் வாய்கள். பானட்டின் மேலே உள்ள பெரிய திறப்பும் காற்றுப் பெட்டியோடு இணைந்ததே. எஞ்சின் அறையின் அனலைத் தொடாத, வெளியிலிருந்து நேராக வரும் காற்றுதான் வேண்டும் என்பதற்காக இத்தனை பாடு. ஒரு திறப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா, வெறும் பிளாஸ்டிக் ஒப்பனையா என்று பார்ப்பதே நல்ல ரசிகரின் முதல் பழக்கம்.

உள்ளே போன காற்று அழுத்தப்பட்டுச் சூடானதும், கூலன்ட் ஓடும் இன்டர்கூலர்களை உரசிக்கொண்டு போகிறது. அந்த கூலன்டுக்கு முன்பக்கத்தில் தனி ரேடியேட்டர் உண்டு. ஆனால் ரேடியேட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆற்ற முடியாது. அந்த எல்லையைத் தாண்டத்தான் ஏசி. ரேடியேட்டரில் ஆறிய கூலன்டை ஏசியின் குளிர் இன்னொரு படி கீழே இறக்குகிறது. இந்த இடம்தான் டீமனின் அழகு. இதற்காகப் புதிதாக ஒரு குளிர்பெட்டியை ஏற்றவில்லை, எல்லாக் காரிலும் இருக்கிற ஒன்றுக்கே வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

பந்தயத் தடத்துக்குச் சொந்த வண்டி கொண்டுவருபவர்கள் பலர் இதே கூலன்டை ஆற்ற டிக்கியில் ஒரு தொட்டி வைத்து ஐஸ் கட்டி போடுவார்கள். அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடாக்கிவிடலாம். ஐஸ் தீர்ந்தால் கதை முடிந்தது என்பதுதான் குறை.

அடுத்தது காதுக்கு வேலை. ஓட்டம் முடிந்து டீமனை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேனும் கூலன்ட் பம்பும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போது சேர்ந்த சூடு, நின்றதும் உலோகத்துக்குள் ஊறத் தொடங்குகிறது. வண்டி அசையாமல் நிற்கையில் எதிர்க்காற்றும் கிடையாது. பலம் வாய்ந்த பல கார்கள் முதல் ஓட்டத்தில் அசத்திவிட்டு அடுத்ததில் சோர்வது இதனால்தான். டீமனில் சூப்பர்சார்ஜர் கூலன்டின் வெப்பத்தைத் திரையில் பார்த்து, போதுமான அளவு இறங்கிய பிறகு மறுபடி கிளம்பலாம். அந்த எண் மெல்ல மெல்ல இறங்குவதைப் பொறுமையாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால், வேகமானி முள் ஏறுவதைவிட அது சுவையாக இருக்கும்.

ஒவ்வொரு கம்பெனியும் இதே பிரச்சினைக்குத் தன் வழியில் விடை எழுதியிருக்கிறது. 2020 ஷெல்பி ஜிடி500 எஞ்சினில் 2.65 லிட்டர் சூப்பர்சார்ஜரைத் தலைகீழாகக் கவிழ்த்து, இன்டர்கூலரை வி வடிவ எஞ்சினின் பள்ளத்துக்குள் பொருத்தினார்கள். எடையும் கீழே இறங்கியது. நேர்கோட்டுப் பந்தய வண்டிகளான டாப் ஃபியூயல் டிராக்ஸ்டர்களில் இன்டர்கூலரே கிடையாது. கொட்டுகிற எரிபொருளே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விடை காரில் இல்லை, விமானத்தில் இருக்கிறது. 1942இல் போருக்கு வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9இல், மெர்லின் 61 எஞ்சின் காற்றை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தியது. சூடு தாங்காது என்பதால் எஞ்சினைச் செய்த ரோல்ஸ் ராய்ஸ் இன்டர்கூலர் வைத்தது. அதற்கும் ஒரு ரேடியேட்டர் வேண்டுமே! முந்தைய மார்க் 5இல் ஒரு இறக்கையின் அடியில் பெரிய ரேடியேட்டரும், மறு இறக்கையின் அடியில் சிறிய ஆயில் கூலரும் இருக்கும். மார்க் 9இல் இரண்டு பக்கமும் பெரிய கூடுகள். அருங்காட்சியகத்திலோ படத்திலோ ஸ்பிட்ஃபயரைப் பார்த்தால் இறக்கைக்கு அடியில் கவனியுங்கள்.

அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் குளிர்ந்த மாலைக்காகக் காத்திருப்பதன் காரணமும் இப்போது விளங்கும். அதே காரும் அதே டிரைவரும் உச்சி வெயிலில் ஒரு நேரம் எடுப்பார்கள், சாயங்காலம் வேறு நேரம் எடுப்பார்கள். ஆகவே இரண்டு கார்களை ஒப்பிடும் வீடியோவைப் பார்க்கும்போது வெளி வெப்பநிலை என்ன, இன்டேக் வெப்பநிலை என்ன, இடைவெளி விடாமல் எத்தனை முறை ஓட்டினார்கள் என்று கேளுங்கள். இவற்றைச் சொல்லாமல் வெறும் வினாடியைக் காட்டி வெற்றியை அறிவிப்பவர்களின் தீர்ப்பை ஏற்காதீர்கள்.