துறப்பதற்கு என்ன இருந்தது?

தமிழில் 'கான்வென்ட்' என்றால் பள்ளிக்கூடம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "பொண்ணு கான்வென்ட்ல படிக்குது" என்றால் இங்கிலீஷ் மீடியம், டை, ஷூ, ஃபீஸ். அவ்வளவுதான் அர்த்தம். கன்னியாஸ்திரீ ஒருவர்கூட இல்லாத நர்சரி பள்ளிகளும் பெயருக்குப் பின்னால் கான்வென்ட் என்று போட்டுக்கொள்கின்றன. உண்மையில் அந்தச் சொல் குறிப்பது, துறவு பூண்ட சகோதரிகள் சேர்ந்து வாழும் மடத்தை. பள்ளி நடத்துவது அந்த மடம் செய்கிற வேலைகளில் ஒன்று. நம் ஊர் அந்த வேலையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வீட்டை மறந்துவிட்டது. நானும் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் சில வருடம் படித்தவன்தான். மைதானத்தின் மூலையில் ஒரு கதவு இருக்கும். அதற்கு அப்பால் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் கழிப்பறை கழுவுகிறார்கள் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

அந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்துவிட்டு வந்து எழுதப்பட்ட புத்தகம் பாமாவின் 'கருக்கு'. 1992இல் வெளிவந்தது. தலித் தன்வரலாறு என்ற வகைமைக்குத் தமிழில் முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான். கல்லூரிப் பாடத்திட்டங்களில் இருக்கிறது, லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் உலகம் சுற்றியிருக்கிறது. ஆனால் படித்தவர்களிடம் பேசிப் பாருங்கள், எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது ஊர்ப் பகுதிதான். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிற காட்சி. அதைப் பார்த்துச் சிரிக்கும் சிறுமி. ஏன் அப்படித் தூக்கிப் போகிறார் என்று அண்ணன் விளக்கியதும் அவள் சிரிப்பு நின்றுபோவது. மடத்துப் பகுதியைப் பற்றிக் கேட்டால், "அது கொஞ்சம் புலம்பல் மாதிரி போகும் பாஸ்" என்பார்கள்.

புலம்பல் என்று ஒதுக்கப்படும் அந்தப் பகுதியில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'கருக்கு' துறவைப் பற்றிய புத்தகம். துறவு என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதைக்குள் ஒரு கேள்வியைப் போட்டு உடைக்கிற புத்தகம்.

அந்தக் கதை என்ன என்று தெரிந்துகொள்ள நான் தூரமாகப் போக வேண்டியதில்லை. திருவொற்றியூர் கடற்கரையோரம் பட்டினத்தார் கோயில் இருக்கிறது. கடல் வணிகத்தில் கொழித்த பெருஞ்செல்வர், ஓர் ஊசியைப் பார்த்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். அதே திருவொற்றியூரில் பத்தாம் நூற்றாண்டில் ஒரு சைவ மடம் இருந்தது. அதன் தலைவர் சதுரானன பண்டிதர். அவர் கேரளத்திலிருந்து வந்தவர், சோழ இளவரசன் ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர். 949இல் தக்கோலப் போரில் ராஜாதித்தன் செத்தபோது கூட இருந்து சாக முடியாமல்போன வேதனையில் அவர் துறவு பூண்டார் என்று கல்வெட்டு சொல்கிறது. ஒருவர் பணத்தை விட்டார், இன்னொருவர் வாளை விட்டார்.

கடல் தாண்டிப் போனாலும் கதை மாறுவதில்லை. ஸ்வீடன் நாட்டின் பிரிகிட்டா (1303–1373) உயர்குடிப் பெண், அரச குடும்பத்துக்கு உறவு. கணவர் இறந்த பிறகு உலக வாழ்வை விட்டு ஒரு துறவு சபைக்கு விதி எழுதினார். அரசர் தானமாகக் கொடுத்த வாட்ஸ்டேனா அரண்மனை நிலத்தில் 60 கன்னியரும் 25 ஆண் துறவியரும் தனித்தனிப் பகுதிகளில் வாழும் மடம் உருவானது. 1527க்குப் பிறகு ஸ்வீடன் அரசு லூத்தரன் பக்கம் திரும்பி மடங்களின் சொத்துகளை எடுத்துக்கொண்டபோதும் வாட்ஸ்டேனா மட்டும் 1595 வரை தாக்குப்பிடித்தது. அந்தப் பெண்கள் மனவுறுதி உள்ளவர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மடத்துக் கதையின் தொடக்கத்திலும் விடுவதற்கு நிறைய வைத்திருந்த ஒருத்திதான் நிற்கிறாள்.

ஐரோப்பிய மடங்களின் உள் அமைப்பே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலான கன்னியர் மடங்களில் இரண்டு படிகள் இருந்தன. சீதனம் கொண்டுவந்த பெண்கள் ஆலயத்தில் அமர்ந்து லத்தீனில் சங்கீதம் பாடும் கன்னியர். சீதனம் இல்லாமல் வந்த குடியானவப் பெண்கள் அடுப்படி, தொழுவம், துணி துவைக்கும் கல் ஆகியவற்றுக்கான சகோதரிகள். இருவரும் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான். ஒருத்தி தன் பழைய வாழ்க்கையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். இன்னொருத்தி உள்ளே போயும் அதே வேலையைத்தான் செய்தாள். இந்தப் பிரிவு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகுதான் ஒழிந்தது.

தமிழ்நாட்டில் இந்தப் படிக்குச் சாதி என்று பெயர். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசி போலக் காவி உடுத்து வாழ்ந்தார். அந்த வேடத்தோடு 'கீழ்' என்று ஒதுக்கப்பட்ட சாதியாரிடம் போய்ப் பழக முடியாது. அதனால் 1640 வாக்கில் அவர்களுக்கென்று தனியாகப் 'பண்டாரசாமிகள்' உருவானார்கள். ஒரே இயேசு சபை, ஒரே குருப்பட்டம், ஆனால் சாதிக்கொரு துறவி. சாதியைத் துறந்தவர்தான் துறவி என்று நாம் நம்புகிறோம். இங்கே துறவே சாதிவாரியாகத் தைக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில் 'கருக்கு' சொல்வதைக் கேளுங்கள். இரண்டு பாட்டிகளும் நாயக்கர் வீடுகளில் வேலை செய்தவர்கள். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்ற, கையேந்திக் குடித்தவர்கள். அப்பா ராணுவத்தில். அண்ணன் சொன்னபடி வெறியாகப் படித்து மேலே வந்த பெண், ஆசிரியை ஆகிறாள். சம்பளம் வருகிறது. வேலை பார்ப்பது சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில். அங்கே தலித் பிள்ளைகள் நடத்தப்படும் விதத்தைப் பார்த்துப் பார்த்துச் சண்டை போடுகிறாள். அப்புறம் ஒரு முடிவெடுக்கிறாள்: உள்ளே போய் நாமே சிஸ்டர் ஆகிவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது செய்யலாம். ஏழைப் பெண்களுக்காக வாழ்ந்த ஒரு சபை நிறுவனரைப் பற்றிப் படித்தது அதற்குத் தூண்டுதல். வீட்டில் வேண்டாம் என்றும் வேலையை விட்டுவிட்டுப் போகிறாள்.

உள்ளே போனதும் மூன்று வாக்குகள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இதில் முதல் வாக்கில்தான் புத்தகம் திரும்பத் திரும்ப வந்து முட்டுகிறது. ஏழ்மையை ஏற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல அறை, நல்ல கட்டில். பசி என்றால் என்னவென்று உடம்பால் தெரிந்த பெண், ஏழ்மை வாக்குக் கொடுத்த பிறகுதான் வசதியாக வாழ்கிறாள்! அங்கே ஏழ்மை தியானத்துக்கான ஒரு பொருள். அவள் ஊரிலோ அது சாயங்காலம் அடுப்பு எரியுமா என்ற கவலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியோடுதான் பாமாவின் சண்டை. இதைச் சிஸ்டர்களின் போலித்தனத்தைத் தோலுரிப்பது என்று மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்திருக்கிறோம். எல்லா சிஸ்டர்களும் யோக்கியமாக இருந்திருந்தாலும் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது. ஏழ்மை வாக்கு, வைத்திருந்தவர்களுக்காக எழுதப்பட்ட வாக்கு. பிறவியிலேயே அதை வாங்கி வந்தவளிடம் அந்த வாக்கைக் கேட்கும்போது, உண்மையில் கேட்கப்படுவது வேறு: உன் ஆட்களை விட்டுவிட்டு வா.

பயிற்சிக் காலத்தில் அவள் காதில் விழும் ஒரு தகவல் இதை ஊர்ஜிதம் செய்கிறது. சில சபைகளில் தலித் பெண்களைக் கன்னியராகச் சேர்த்துக்கொள்வதில்லை, அவர்களுக்கென்று எங்கோ தனியாக ஒரு சபை இருக்கிறது என்கிறார்கள். பண்டாரசாமிகளின் காலம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? பயிற்சி முடிந்ததும் அவளை அனுப்புவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு. அங்கே தலித்துகளும் இருக்கிறார்கள். கூட்டுகிறார்கள், துடைக்கிறார்கள், கழிப்பறை கழுவுகிறார்கள்.

சரி, புலம்பல் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். மடத்துப் பக்கங்களில் மொழி தட்டையாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஊர்ப் பக்கங்களில் பட்டப்பெயர்கள் வரிசை கட்டி வரும், விளையாட்டுகள் வரும், தீனி வகைகள் வரும், மலையும் கண்மாயும் வரும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கதை. மடத்துக்குள் நுழைந்ததும் இதெல்லாம் காணாமல்போகிறது. அங்கே யாருக்கும் பட்டப்பெயர் கிடையாது, சபைக்கே பெயர் கிடையாது. வருபவை எல்லாம் சேவை, அன்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மாதிரியான சொற்கள். பேச்சு மொழியின் ஓசை இருக்கிறது, ஆனால் பேச ஆள் இல்லை.

இதை எழுத்தாளரின் களைப்பு என்று பார்க்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வாழ்க்கையில் என்ன காணாமல்போனது என்பதை, அது பக்கத்திலிருந்தே காணாமல்போவதை விட நேர்மையாக எப்படிச் சொல்ல முடியும்? லாக் ஃபைலைப் படிக்கிற ஆட்களுக்கு இது தெரியும். பதிவு திடீரென்று வறண்டுபோனால், பிரச்சினை அந்த இடத்தில்தான். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட ஆளில்லாத வீட்டில் ஒரு பெண் ஏழு வருடம் இருந்திருக்கிறாள். திரும்பத் திரும்ப அதையே சொல்வதும் அதனால்தான் என்று படுகிறது. உள்ளே இருக்கும்போது சொல்ல விடாததை வெளியே வந்து ஒரு தடவை சொன்னால் தீராது.

ஆனாலும் புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. மற்ற சிஸ்டர்கள் யாரும் அதில் மனுஷியாக வருவதில்லை. பெரும்பாலும் 'அவர்கள்'தான். அவர்களிலும் கஷ்டப்பட்ட வீட்டுப் பெண்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்கும். புனித பேதுருவை நம் ஆட்கள் ராயப்பர் என்று அழைத்த பழக்கத்திலிருந்துதான் ராயபுரம் என்ற பெயரே வந்தது என்பார்கள். அந்தக் கடலோரத் தெருக்களில் ஒரு பெண்ணுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல எத்தனை வழி இருந்தது? படிப்பு, வேலை, தனியாகப் பூட்டிக்கொள்ள ஓர் அறை, ராத்திரி குடித்துவிட்டு வந்து அடிக்க ஆளில்லாத ஒரு வீடு. இதற்காகவும் மடத்துக் கதவைத் தட்டியவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு அந்தக் கட்டிலும் மூன்று வேளைச் சோறும் துரோகம் அல்ல, மூச்சு. பாமாவின் கோபம் நியாயமானது, ஆனால் அந்தக் கோபத்தில் இவர்களின் குரல் கேட்கவில்லை. அந்தக் குரலை எழுத வேண்டியவர் அவர் ஒருவர்தானா என்று திருப்பிக் கேட்டால், என்னிடம் பதில் இல்லை. வேறு யாரும் எழுதவில்லை என்பது பாமாவின் குறை அல்ல, தமிழின் குறை.

அந்தக் குரல்கள் இப்போது வெகுதூரம் போய்விட்டன. ஸ்வீடனில் அணைந்துபோன பிரிகிட்டாவின் சபையை, லூத்தரன் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரான எலிசபெத் ஹெசல்பிளாட் 1911இல் ரோமில் புதுப்பித்தார். பிறகு அது ஸ்வீடனுக்கும் திரும்பியது, இந்தியாவுக்கும் வந்தது. இன்று அந்தச் சபையின் கன்னியரில் நிறையப் பேர் இந்தியப் பெண்கள். ஸ்காண்டிநேவியப் பனியில் பிரிகிட்டாவின் விதிப்படி ஜெபம் சொல்பவர்களில் நம் பக்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள். உயர்குடிச் சீமாட்டி ஒருத்தி விட்டுவிட்டு வந்த வாழ்க்கைக்காக எழுதிய விதி அது. அவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள்? யார் அவர்களிடம் கேட்டார்கள்?

தமிழில் ஒரு பெண் துறவு பூணும் பெருங்கதை 'மணிமேகலை'. கணிகையர் குலத்தில் பிறந்தவள். ஆனால் அவளிடமும் கலை இருந்தது, அழகு இருந்தது, இளவரசன் ஒருவன் பின்னால் அலைந்தான். அவற்றை விட்டாள். கையில் அமுதசுரபி வந்தது, ஊர்ப் பசி தீர்த்தாள். கடைசியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டு அவள் நோன்பு தொடங்குவதோடு காப்பியம் முடிகிறது. உள்ளே போன பிறகு என்ன ஆனது என்று சாத்தனார் சொல்லவில்லை. 'கருக்கு' அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். இவளும் பசித்தவர்களுக்காகத்தான் போனாள். கையில் கொடுக்கப்பட்ட பாத்திரம் அவளுக்கு மட்டும் சோறு போட்டது. அதனால் திரும்பி வந்தாள்.

திரும்பி வந்தவள் தன்னைச் சிறகொடிந்த பறவையாகப் பார்க்கிறாள். வேலை இல்லை, பணம் இல்லை, ஊரில் "ஏன் வந்துட்ட" என்ற கேள்வி. வாசகர்கள் இதைத் தோல்வி என்று படிக்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. உள்ளே போகும்போது அவள் விட்டது ஒரு வேலையை. வெளியே வரும்போது விட்டது எத்தனை பாருங்கள்: கட்டில், மூன்று வேளைச் சோறு, அங்கியைப் பார்த்ததும் எழுந்து நிற்கிற மரியாதை, சாகும்வரை உறுதியான ஒரு கூரை. பட்டினத்தார் கணக்கில் பார்த்தால், துறவு என்று சொல்லத் தகுந்தது இந்த இரண்டாவது புறப்பாடுதான். அதற்கு மட்டும் சடங்கு கிடையாது, வாழ்த்துப் பாட்டு கிடையாது.