'டியூன்': நீக்கிய சொல்லும் நீங்காத சாயலும்

பிராங் ஹேர்பேர்ட்டின் 'டியூன்' நாவல் 1965இல் வெளிவந்தது. டேவிட் லின்ச் 1984இல் அதை ஒரே படமாக எடுத்தார். டெனி வில்நெவ் 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக எடுத்தார். பிந்திய படங்களைப் பார்த்த என் மாணவர்கள், "சேர், நம்மட சொல்லெல்லாம் வருது" என்றார்கள். வருவது உண்மை. எது வரவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நாவலின் இறுதியிலுள்ள சொல்லகராதியில் மஹ்தி, பிக்ஹ், இல்ம், ஹஜ் முதலான சொற்கள் உள்ளன. பாலைவன மக்களான பிறெமன்கள், கிரகம் கிரகமாக அலைந்த சென்சுன்னி நாடோடிகளின் வழிவந்தோர். கௌகாசஸில் ரஷ்யப் பேரரசை எதிர்த்த இமாம் ஷாமில் பற்றி லெஸ்லி பிளான்ச் 1960இல் எழுதிய நூலின் தாக்கத்தையும் ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். 'ஜிஹாத்' என்ற சொல் இந்நாவலில் இரு போர்களைக் குறிக்கிறது. ஒன்று, சிந்திக்கும் இயந்திரங்களுக்கு எதிராக மனிதகுலம் முன்பு நடத்தியது. மற்றது, தன் பெயரால் நடக்கப்போவதாகக் கதாநாயகன் போல் அஞ்சுவது. ஹேர்பேர்ட் அச்சொல்லைப் போர் என்ற பொருளுக்குள் குறுக்கிவிட்டார்தான். ஆனாலும் அதை ஓர் இனத்தின் தலையில் மட்டும் கட்டவில்லை.

லின்சின் படம் போல் மழையை வரவழைப்பதோடு முடிகிறது. நாவலில் அந்தப் பாலை பசுமையாக நூற்றாண்டுகள் செல்லும். தண்ணீரோ மணற்புழுக்களுக்கு நஞ்சு. இரட்சகர்களை நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கை அப்படத்தில் அற்புதக் கதையாகிப் போனது.

வில்நெவ் அந்த எச்சரிக்கையை மீட்டார். போலின் மனதுக்குள் நடந்த போராட்டத்தைச் சானியின் வாயில் வைத்தார். நாவலில் அவனுடனேயே நிற்கும் சானி, படத்தில் விலகிப் போகிறாள். திரைக்கதை என்ற வகையில் இது நல்ல மாற்றம். 'ஜிஹாத்' அங்கே 'புனிதப் போர்' ஆயிற்று. அதுவும் நமக்குச் செய்த மரியாதை போலத்தான் தோன்றும். ஆனால் நாவலில் இல்லாத ஒரு பிரிவினை உள்ளே நுழைகிறது. வடக்கில் கேள்வி கேட்கும் இளைஞர்கள், தெற்கில் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் கூட்டம். நாவலில் தன் தோழன் ஸ்தில்கர் பக்தனாகிவிட்டதைக் கண்டு போல் துக்கப்படுகிறான். படத்தில் அதே ஸ்தில்கர் எதைக் கண்டாலும் அத்தாட்சி என்கிறார், பார்ப்பவர் சிரிக்கிறார்.

ஒரு சொல்லை எடுத்துவிட்டால் தப்பெண்ணம் போய்விடாது. அச்சொல் இருந்த நாவலில் அந்த மக்களுக்கு நீண்ட வரலாறும் சட்டமும் கல்வியும் இருந்தன. அது இல்லாத படத்தில் அவர்களுடைய ஒடுக்கப்பட்ட நிலை தெரிகிறது, நம்பிக்கையின் வேகம் தெரிகிறது; எங்கிருந்து வந்தவர்கள் என்பது தெரியவில்லை. படத்தைப் பார்க்கட்டும், நல்ல படம்தான். கையோடு நாவலின் அந்தச் சொல்லகராதியையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும் என்றே என் மாணவர்களுக்குச் சொல்வேன்.