சிரிப்புக்கும் ஒரு வேலி உண்டு
ஜோர்ஜ் மன்னர் காலத்து ஆங்கிலக் கேலிச்சித்திரங்களையும் வேட்டைச் சித்திரங்களையும் முன்வைத்து

கேலிச்சித்திரம் என்றாலே அது அதிகாரத்துக்கு எதிரானது என்ற எடுகோள் எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆள்பவனைப் பார்த்துச் சிரிக்க முடிந்தால் அங்கே சுதந்திரம் இருக்கிறது என்று முடிவுகட்டி விடுகிறோம். சிரிப்பதற்கே பயந்த சூழல்களிலிருந்து வந்தவர்கள் நாம் என்பதால் இதில் வியப்பேதுமில்லை. இந்த எடுகோளுக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுபவை, 1714 முதல் 1830 வரை நான்கு ஜோர்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்தில் இலண்டனில் வெளிவந்த கேலிச்சித்திரங்கள். குறிப்பாக ஜேம்ஸ் கில்றே 1805இல் வரைந்த, பிரதமர் பிற்றும் நெப்போலியனும் உலக உருண்டையை ஒரு பிளம் புடிங் போல வெட்டிப் பங்குபோடும் சித்திரம். அரசியற் கேலிச்சித்திரம் பற்றிய நூல்களில் அது இடம்பெறாமற் போவது அரிது.

இச்சித்திரங்களின் வலிமையை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அவற்றில் அரசியல் சார்ந்தவற்றை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கொண்டாடுவதில் ஒரு கோளாறு இருக்கிறது. அதே ஓவியர்கள், அதே கடைகளுக்காக, பெரும்பாலும் அதே வாடிக்கையாளர்களுக்காக வேட்டை, குதிரையேற்றம், குத்துச்சண்டை, கோழிச்சண்டை ஆகியவற்றையும் வரைந்து தள்ளினார்கள். இந்தச் சித்திரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்தச் சிரிப்பைச் சுற்றி ஒரு வேலி போடப்பட்டிருந்தது தெரியவருகிறது. அந்த வேலியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் இவை எவ்வாறு உற்பத்தியாயின என்பதைப் பார்க்கவேண்டும். செப்புத் தகட்டில் கோடிழுத்து, அமிலத்தால் அரித்து, தனித்தாள்களாக அச்சிட்டு, கையால் வர்ணம் தீட்டி விற்கப்பட்டவை இவை. கில்றேயின் சித்திரங்களை வெளியிட்ட ஹனா ஹம்பிறி என்ற பெண்ணின் கடை 1797 முதல் சென் ஜேம்ஸ் வீதி 27ஆம் இலக்கத்தில் இருந்தது. கனவான்களின் கழகங்கள் நிறைந்த வீதி அது. கில்றே அந்தக் கடையின் மேல்மாடியிலேயே வாழ்ந்தார். வர்ணமில்லாத தாள் ஒன்று ஆறு பென்ஸ். வர்ணம் தீட்டியதாயின் ஒரு ஷில்லிங் அல்லது அதற்கு மேல். ஒரு பண்ணைக் கூலியாளுக்கு அது ஏறக்குறைய ஒருநாட் சம்பளம். பிக்கடிலியில் இருந்த ஃபோர்ஸ் என்பவரின் கடை, சித்திரத் தொகுப்புகளை ஒரு மாலைக்கு வாடகைக்கும் கொடுத்தது. பணமில்லாதவர்களுக்கு இருந்தது கடைக் கண்ணாடி மட்டுமே. கில்றேயே 1808இல் வரைந்த ஒரு சித்திரத்தில் ஹம்பிறியின் கடைக் கண்ணாடி முன் சிறு கூட்டமொன்று முதுகைக் காட்டி நிற்கிறது. பனியில் வழுக்கி விழும் கனவானை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. ஆக, வாங்கியவர்கள் ஒரு வர்க்கம். கண்ணாடி வழியே பார்த்தவர்கள் இன்னொரு வர்க்கம். எதை வரைவது என்பதைத் தீர்மானித்தது வாங்கியவர்களின் பணமே.

அந்தப் பணம் சிலவேளை நேரடியாகவே வந்தது. 1792இல் கில்றே மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை அவித்த முட்டையோடு சிக்கனம் பிடிக்கும் கஞ்சனாகவும், முடிக்குரிய இளவரசரை உண்டு கொழுத்துப் பல் குத்தும் போகியாகவும் வரைந்தார். ஒப்பற்ற துணிச்சல்தான். ஆனால் 1796இல் இளவரசரின் குழந்தை பிறந்ததைக் கேலிசெய்த சித்திரத்துக்காக அவர் கைதுசெய்யப்பட்டார். வழக்கு கைவிடப்பட்டது. 1797 முதல் பிற் அரசாங்கத்திடமிருந்து ஆண்டுக்கு 200 பவுண் இரகசிய உதவிப்பணம் அவருக்கு வழங்கப்பட்டது. பிற் பதவி விலகிய 1801 வரை அது தொடர்ந்தது. 1820இல் ஜோர்ஜ் குறுக்சாங்க் என்ற ஓவியர், மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்ற உறுதிமொழிக்காக 100 பவுண் பெற்றுக்கொண்டார். இவர்களோடு ஒப்பிட வேண்டியவர் வில்லியம் ஹொலண்ட். இவரும் கேலிச்சித்திரக் கடை வைத்திருந்தவர். தோமஸ் பெயினின் எழுத்தை விற்றதற்காக 1793இல் நியூகேற் சிறைக்கு அனுப்பப்பட்டார். மன்னரைக் கஞ்சனாக வரையலாம். மன்னர் எதற்கு என்று கேட்கும் பிரசுரத்தை விற்கக்கூடாது. வேலியின் முதற் பக்கம் இது.

இனி வேட்டைக்கு வருவோம். அக்கால இங்கிலாந்தில் வேட்டை வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. சட்டத்தால் காக்கப்பட்ட உரிமையாக இருந்தது. 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கீடான வேறு தகுதியோ இல்லாதவர் முயலையோ கௌதாரியையோ கொல்ல முடியாது. ஒரு சிறு விவசாயி தன் பயிரைத் தின்னும் முயலைத் தன் வயலிலேயே சுட்டாலும் குற்றவாளி. கையில் எவ்வளவு காசு இருந்தாலும் நிலமில்லாத நகரத்து வணிகனும் அப்படியே. 1723இல் வந்த கறுப்புச் சட்டம், முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடுவதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது. இச்சட்டத்தின் வர்க்கத் தன்மையை ஈ. பி. தொம்சன் 1975இல் எழுதிய நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1816ஆம் ஆண்டுச் சட்டமோ இரவில் வலையோடு பிடிபட்டவனையும் ஏழு ஆண்டுகள் நாடுகடத்த வழிசெய்தது. நிலத் தகுதி 1831இல்தான் நீக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில் கில்றே 1800இல் வரைந்த நான்கு சித்திரங்களைப் பார்க்கலாம். துவக்கும் நாயுமாக வேட்டைக்குப் புறப்பட்ட இலண்டன் நகரத்தவர்களைப் பற்றியவை அவை. துவக்கை எப்படிப் பிடிப்பது, எங்கே சுடுவது என்று எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நல்ல நகைச்சுவைதான்; இன்று பார்த்தாலும் சிரிப்பு வரும். ஆனால் ஏன் சிரிக்கிறோம்? நிலவுடைமையாளன் சிறுவயது முதல் பழகும் ஒரு கலையை, அதைப் பழகச் சட்டமே இடந்தராத ஒருவன் செய்து காட்ட முற்படுகிறான், தடுமாறுகிறான். சட்டம் அவனை வெளியே நிறுத்துகிறது. சித்திரம் அவன் வெளியேதான் நிற்கவேண்டியவன் என்று காட்டுகிறது. சட்டத்தின் வேலையைச் சிரிப்பு செய்து முடிக்கிறது.

ஹென்றி பன்பரியின் குதிரையேற்றச் சித்திரங்களும் இவ்வாறே. 1787இல் ஜெஃப்றி கம்பாடோ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட நூல், வளர்ந்தவர்களுக்கான குதிரையேற்றப் பள்ளி என்ற போர்வையில், குதிரையிடமிருந்து எப்படி விழுவது, எப்படி வழிதவறுவது என்று பாடம் நடத்துகிறது. வரைந்தவர் யார் என்று பார்த்தால் எல்லாம் புரியும். பன்பரி யோர்க் கோமகனின் பரிவாரத்தில் இருந்த பிரபு குடும்பத்தவர். அவரது அண்ணன் சேர் சார்ள்ஸ் பன்பரியின் குதிரைதான் 1780இல் நடந்த முதலாவது டேர்பி பந்தயத்தில் வென்றது. சேணத்திலே பிறந்தவர்கள், சேணத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது.

அப்படியானால் வேலிக்கு உள்ளே இருந்தவர்கள் எப்படி வரையப்பட்டார்கள்? ஹென்றி அல்கன் 1821இல் வெளியிட்ட பிரித்தானியாவின் தேசிய விளையாட்டுகள் என்ற தொகுப்பில் 50 வர்ணப் படங்கள் உள்ளன. நரி வேட்டை முதல் காளையின் மீது நாய்களை ஏவும் விளையாட்டு வரை எல்லாம் அதிலுண்டு. அல்கனுக்குக் கேலி வராது என்றில்லை. குதிரையிலிருந்து தலைகுப்புற விழுபவர்களை அவர் நிறையவே வரைந்தார். ஆனால் அங்கே விழுவது தனிமனிதன், வேட்டை அல்ல. வேட்டை என்ற அமைப்பு அழகாகவும் இயல்பாகவும் நாட்டின் அடையாளமாகவும் நிலைநிறுத்தப்படுகிறது. சிவப்பு மேலங்கிகள், தாவும் குதிரைகள், பச்சை வயல்கள். எம்மவர் பலர் கோப்பை கழுவிய மதுச்சாலைகளின் சுவர்களில் இன்றும் தொங்குபவை இத்தகைய சித்திரங்களின் மலிவான பிரதிகளே. அந்த வயல் யாருடையது, அதில் ஓடிய குதிரைகள் எவருடைய பயிரை மிதித்தன என்பவை சட்டகத்துக்குள் வருவதில்லை. இரவில் வலையோடு பிடிபட்டவனை நான் பார்த்த வேட்டைக் கேலிச்சித்திரங்களில் அரிதாகவே காணமுடிந்தது. கேலிக்குக்கூட அவன் தகுதி பெறவில்லை.

வேலி கடல் தாண்டியும் போனது. றோலன்ட்சனின் மைத்துனரான சாமுவேல் ஹொவிற்றின் சித்திரங்களோடு 1807இல் எட்வேட் ஓர்ம் வெளியிட்ட கீழைத்தேய வேட்டை பற்றிய பெருநூலில் 40 படங்கள் இருக்கின்றன. வங்காளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்த கப்டன் தோமஸ் வில்லியம்சனின் கையெழுத்துப் பிரதியையும் மாதிரி வரைபுகளையும் கொண்டு உருவானது அது. புலி, யானை, காட்டுப்பன்றி, எருமை எல்லாம் அதிலுண்டு. யானையைச் செலுத்துபவரும், காட்டைக் கலைப்பவரும், சுமப்பவரும் இந்தியர்கள். அவர்களில்லாமல் ஒரு வேட்டையும் நடந்திருக்காது. ஆனால் படங்களில் அவர்கள் நிலக்காட்சியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறார்கள். இங்கே கேலி கிடையாது. ஆவணப்படுத்தும் தொனி மட்டுமே. இங்கிலாந்தில் நிலத்தின் மீதான உரிமையை அறிவித்த வேட்டை, வங்காளத்தில் நாட்டின் மீதான உரிமையை அறிவிக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை பலமானவை. முதலாவது ஹோகார்த். 1759இல் அவர் வெளியிட்ட கோழிச்சண்டைச் சித்திரத்தின் நடுவில் இருப்பவர் கண்பார்வையற்ற ஒரு பிரபு. அவருடைய பணத்தாளைப் பக்கத்தில் இருப்பவன் உருவுகிறான். பிரபுவும் திருடனும் ஒரே பலகையைச் சுற்றி நெருக்கியடிக்கிறார்கள். சண்டைக் களத்தின் மேல் ஒரு நிழல் விழுகிறது: பந்தயக் கடனைக் கட்டாததால் கூடையில் ஏற்றி மேலே தொங்கவிடப்பட்ட ஒருவனின் நிழல். வேலியே இல்லாத சித்திரம் இது. இரண்டாவது, கில்றே 1791இல் வரைந்தது. அடிமை வாணிபத்தை ஒழிக்கும் பிரேரணை பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்ட சில நாட்களில், கொதிக்கும் கருப்பஞ்சாற்றுக் கொப்பரையில் ஓர் அடிமையை மேற்பார்வையாளன் அமிழ்த்தும் காட்சியை அவர் வெளியிட்டார். அதில் சிரிக்க எதுவுமில்லை. மூன்றாவது, குத்துச்சண்டை. அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவரான தொம் மொலினோ, 1810 டிசம்பரிலும் 1811 செப்ரம்பரிலும் ஆங்கிலேய வீரர் தொம் கிறிப்புடன் மோதினார். மொலினோவையும் அவரது பயிற்சியாளர் பில் றிச்மண்டையும் றொபேட் டைற்றன் தனித்தனியே முழு உருவில் வரைந்து வெளியிட்டார். உடற்கட்டும் நிற்கும் தோரணையும் கொண்ட தனிமனிதர்களாகவே அவர்கள் அங்கே நிற்கிறார்கள்.

இந்த மூன்றையும் நான் ஏற்கிறேன். ஆனால் அவை வேலி இல்லை என்று நிறுவவில்லை. வேலியில் பொட்டுகள் இருந்தன என்றே நிறுவுகின்றன. கொப்பரைச் சித்திரத்தை வரைந்த கில்றே அடுத்த ஆண்டே, சீனி பகிஷ்கரிப்பை அரச குடும்பத்தின் கஞ்சத்தனமாக்கிச் சிரித்தார். அச்சிரிப்பில் மன்னர் அடிபட்டார். பகிஷ்கரிப்பும் சேர்ந்தே அடிபட்டது. டைற்றன் வரைந்து சில ஆண்டுகளுக்குள், 1819இல், குறுக்சாங்க் அடிமை ஒழிப்பாளர்களின் விருந்தொன்றைக் கேலிசெய்யும் சாக்கில் கறுப்பினத்தவரை மிகக் கொடூரமாக இழிவுபடுத்தினார். ஒரே தொழில், ஒரே கடைத்தெரு.

சட்டத்தின் போக்கும் இதையே சொல்கிறது. காளையின் மீது நாய்களை ஏவுவதைத் தடைசெய்ய 1800இலும் 1802இலும் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் தோல்வியடைந்தன. அவற்றை எதிர்த்த வில்லியம் வின்டம், செல்வந்தரின் வேட்டையை விட்டுவிட்டு ஏழையின் கேளிக்கையை மட்டும் தடுப்பதேன் என்று வாதிட்டார். அவர் இரண்டையுமே காப்பாற்ற விரும்பிய பழைமைவாதி. ஆயினும் கேள்வி சரியானது. 1835இல் காளை வதையும் கோழிச்சண்டையும் தடைசெய்யப்பட்டன. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்சிலும் தடுக்க 2004 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. எதைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் எதை மரபு என்றும் நாடு இனங்கண்டதோ, அந்தப் பிரிவினையைக் கண்ணுக்குப் பழக்கியதில் வேட்டைச் சித்திரங்களுக்கும் ஒரு பங்குண்டு என்பது என் துணிபு.

ஆகவே, அங்கதத்தை அதன் துணிச்சலால் மட்டும் அளப்பது போதாது என்று கருதுகிறேன். மன்னரைக் கேலிசெய்தார்களா என்ற கேள்வியோடு வேறு மூன்று கேள்விகளையும் சேர்க்கவேண்டும். குதிரையில் இருப்பவர் யார்? விழுபவர் யார்? வரையப்படாமலே விடப்பட்டவர் யார்? எம்முடைய சஞ்சிகைகளில் வெளிவரும் கேலிச்சித்திரங்களுக்கும் நகைச்சுவைத் துணுக்குகளுக்கும் இவை பொருந்தும். தலைவர்களைக் கிண்டலடிக்கும் அதே பக்கங்களில், புதிதாக வந்திறங்கியவரின் தடுமாறும் மொழியும், சாதியில் தாழ்த்தப்பட்டவரின் புதுக் காரும், பெண்களின் பேச்சும் கேலிக்குள்ளாவதை நாம் வாசித்திருக்கிறோம், சிரித்துமிருக்கிறோம். இந்தச் சிரிப்பு எந்த வேலியைக் காக்கிறது என்பது விவாதிக்கப்பட வேண்டும். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.