மண்டையோட்டுக்காரனை ஏன் பிடிக்கிறது?

நீல உடம்பு, மஞ்சள் மண்டையோடு, தலையில் ஊதா முக்காடு, கையில் ஆட்டுத்தலை வைத்த கோல். ஸ்கெலட்டர் என்றதும் ஹீ-மேன் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உருவம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி 1982-ல் இவனைப் பொம்மையாக விற்றது. ஃபில்மேஷன் நிறுவனம் 1983-ல் படத்தொடராக்கியது. 130 பகுதிகள். வாராவாரம் திட்டம் போடுவான், வாராவாரம் உதை வாங்கிக்கொண்டு ஓடுவான். ஜெயித்தவனுக்குக் குறையாமல் இந்தத் தோற்றவன் நாற்பது வருசம் தாண்டியும் நிற்கிறான். அவனுடைய சிரிப்பையும் வசவையும் இன்றைக்கும் ஆசையாகச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இந்தப் பிரியம் என்ன வகை? தோற்கடிக்கப்பட்டவன் பக்கம் நிற்கிற பிரியமா? எப்படியும் தோற்கப் போகிறான் என்கிற தைரியத்தில் வருகிற பிரியமா? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, வில்லன் என்றாலே நம்மாள்தான் என்று துள்ளுகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1982-ல் பொம்மையோடு ஒரு குட்டிப் படக்கதைப் புத்தகம் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் ஹீ-மேன் இளவரசன் இல்லை. காட்டுக் குடியில் பிறந்து, தன் சனத்தை விட்டுக் கிளம்பி வந்தவன். ஸ்கெலட்டர் வேறொரு உலகத்து ஆள். பெரும் போரில் இரண்டு உலகங்களுக்கு இடையில் விழுந்த ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்டவன். அந்த ஓட்டையைத் திரும்பத் திறந்து தன் இனத்தாரைக் கூட்டி வரவேண்டும், அவர்களோடு சேர்ந்து இந்த உலகத்தைப் பிடிக்கவேண்டும் என்பது அவன் எண்ணம். சக்தி வாளும் இரண்டு பாதி. ஒரு பாதி ஹீ-மேன் பொம்மையோடு வந்தது, மறுபாதி ஸ்கெலட்டர் பொம்மையோடு. இரண்டும் சேர்ந்தால்தான் கிரேஸ்கல் கோட்டைக் கதவு திறக்கும். விளையாடுகிற பிள்ளை இரண்டு பேரிடமும் பாதிப் பாதி சாவி இருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது.

இது புரட்சிக் கதை என்று நான் சொல்ல வரவில்லை. 'வெளியே இருந்து ஒரு கூட்டம் உள்ளே புகுந்துவிடும்' என்ற வெள்ளைக்காரப் பயம் இதில் அப்பட்டமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கதையில் வில்லனுக்கு ஒரு சனம் இருந்தது. நாயகனுக்குக் கிரீடம் இல்லை.

அதே 1982-ல் டி.சி. காமிக்ஸ் நாயகனுக்கு இளவரசன் ஆடம் என்ற இன்னொரு பிறப்பைக் கொடுத்தது. படத்தொடரும் அதையே எடுத்துக்கொண்டது. காட்டுக் குடிமகன் ராஜா வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான். வாளும் முழுசாக அவன் கைக்குப் போய்விட்டது. அவன் உழைக்க வேண்டாம், படிக்க வேண்டாம். வாளைத் தூக்கி ஒரு வாசகம் சொன்னால் பலம் வந்துவிடும். ஸ்கெலட்டர் அப்படி இல்லை. மந்திரம் படிக்கிறான், எந்திரம் செய்கிறான், ஆள் சேர்க்கிறான், ராத்திரி பகலாக யோசிக்கிறான். வாரிசுக்குக் கிடைத்தது 'சக்தி', வெளியாள் தேடினால் அது 'பேராசை'.

அந்தக் கோட்டையைப் பாருங்கள். அதன் முகப்பே ஒரு மண்டையோடு. வாய்தான் வாசல். ஸ்கெலட்டருடைய முகத்துக்கும் கோட்டையினுடைய முகத்துக்கும் ஒரே சாயல். ஆனால் அந்தச் சாயல்காரனுக்கு மட்டும் வாசல் கிடையாது. செக்கச்செவேல் என்று, பொன் நிற முடியோடு இருக்கிறவன் எந்த நேரமும் உள்ளே போகலாம். எலும்பு முகம் கல்லில் இருந்தால் புனிதம், உயிருள்ள உடம்பில் இருந்தால் கேடு. இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு யாரும் வாயால் சொல்லித் தரவில்லை. படம் போட்டே பதிய வைத்துவிட்டார்கள்.

அப்புறம் எப்படி அவனைப் பிடித்துப்போகிறது? காரணம் தயாரிப்பிலேயே இருக்கிறது. பொம்மை விற்கத்தான் இந்தத் தொடர் என்று அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளைகள் பார்க்கிற படம் என்பதால் வன்முறைக்கும் கட்டுப்பாடு. வாள் வைத்திருக்கிற ஹீ-மேன் அதை வைத்து ஒருத்தரையும் வெட்டக் கூடாது. ஸ்கெலட்டரும் ஒருத்தரையும் கொல்லக் கூடாது. ஆக அவனுக்கு மிஞ்சியது வாய். கோபம், ஏமாற்றம், பொறாமை, கிண்டல் எல்லாம் பேச்சாகக் கொட்டியது. ஆலன் ஓப்பன்ஹைமர் என்கிற நடிகர் மூக்கால் இழுத்துக் கீச்சென்று கத்துகிற அந்தக் குரலைக் கொடுத்தார். ராஜவிசுவாசியான படைத்தலைவனுக்கும் அவரே குரல் என்பது தனி வேடிக்கை. நாயகன் சிரித்துக்கொண்டே அறிவுரை சொல்கிறான். அவனுக்கு எதுவும் வேண்டியதில்லை, எல்லாம்தான் இருக்கிறதே! இந்தக் கதையில் ஏதாவது வேணும் என்று தவிக்கிறவன் ஸ்கெலட்டர். தவிக்கிறவன் பக்கம்தான் பார்க்கிறவன் மனசு போகும்.

இப்போது அந்த முகத்தின் கதைக்கு வருவோம். ஸ்கெலட்டரை வரைந்தவர் மேட்டலில் வேலை பார்த்த மார்க் டெய்லர். சின்ன வயதில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் 'பைக்' என்கிற கேளிக்கைத் திடலில் தொங்கிய ஒரு உருவத்தைப் பார்த்துப் பயந்ததாகவும், அது நிஜப் பிணம் என்று தனக்கு அப்போதே பட்டதாகவும், அதிலிருந்துதான் ஸ்கெலட்டர் வந்தான் என்றும் அவர் பிற்பாடு சொன்னார். அங்கே தொங்கியது உண்மையிலேயே பிணம்தான். பெயர் எல்மர் மெக்கர்டி. குழாய் வேலை, சுரங்க வேலை என்று அலைந்து கடைசியில் ரயில் கொள்ளைக்குப் போய், 1911-ல் ஓக்லஹோமாவில் சுட்டுக் கொல்லப்பட்ட வெள்ளைக்கார ஏழை. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. பதப்படுத்தியவர் அதைக் காட்டிக் காசு வாங்கினார். பிறகு அண்ணன் தம்பி என்று பொய் சொல்லி வந்த வேடிக்கைக் காட்சிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கை மாறி, ஊர் மாறி, கடைசியில் அது மனுசன் என்பதே மறந்துபோனது. 1976-ல் அங்கே படப்பிடிப்புக்குப் போனவர்கள் பொம்மை என்று நினைத்து நகர்த்தும்போது கை ஒடிந்து எலும்பு தெரிந்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. 1977-ல் புதைத்தார்கள். செத்து 66 வருசம் கழித்து! திரும்பவும் யாரும் தோண்டி எடுத்துவிடக் கூடாதென்று மேலே கான்கிரீட் போட்டார்கள்.

ஒரு பிணத்துக்கு ஆறடி மண் கிடைப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று இந்த இதழ் படிக்கிறவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. புதைக்க ஆளில்லாத ஒரு ஏழையின் உடல், பயமுறுத்துகிற சரக்காகி, ஒரு பையனின் கனவில் புகுந்து, கடைசியில் 'தீமை' என்று பெயர் வைத்த பிளாஸ்டிக் பொம்மையாகிறது. 'பார்த்தாலே பயமாக இருக்கிறது' என்று ஒரு முகத்தைச் சொல்லும்போது, அந்த முகத்தை அப்படி ஆக்கியவர்கள் கதைக்குள் வருவதே இல்லை.

இதனால் ஸ்கெலட்டர் நம்மாள் ஆகிவிடுவானா? மாட்டான். அவனிடம் வேலை செய்கிற பீஸ்ட்மேனைப் பாருங்கள். மயிர் அடர்ந்த உடம்பு, மிருகங்களோடு பேசுகிறவன், மூளையில்லாதவன் என்று நாளும் திட்டு வாங்குகிறவன். ஒரு கதையில் ஸ்கெலட்டர் அவனைத் துரத்திவிடுகிறான். அவன் என்ன செய்கிறான்? ராஜாவையே சிறைபிடித்து, அதைக் காட்டிப் பழைய எசமானிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறான்! ஸ்கெலட்டருக்குக் கோட்டைக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். கோட்டை என்று ஒன்று ஏன் இருக்கிறது என்ற கேள்வி அவனுக்கு இல்லை. பீஸ்ட்மேனிடம் அவன் நடந்துகொள்வது அரண்மனைக்காரன் மாதிரியேதான்.

பின்னால் வந்தவர்கள் அவனுக்கு ஒரு நியாயம் தேடினார்கள். 1987-ன் குட்டிப் புத்தகம் ஒன்று, ராஜாவின் காணாமல்போன சகோதரன் கெல்டார்தான் இவனோ என்று கோடி காட்டியது. 2002 தொடரில் கெல்டார் வீசிய அமிலம் அவன் முகத்திலேயே திருப்பி அடிக்கிறது. அதற்கப்புறம் வந்த காமிக்ஸ், அவன் நீலத்தோல் இனத்து ரத்தம் கலந்து பிறந்தவன் என்று சேர்த்தது. ஒதுக்கப்பட்ட பிறப்பு என்பது இப்போது கதைக்குள் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் என்னவாக வந்தது? 1982-ல் தன் சனத்தைக் கூட்டிவர நினைத்தவன், இப்போது அரியணையில் பங்கு கேட்கிற ஒற்றை ஆள். ஒரு சனத்தின் கதை பங்காளிச் சண்டையாகச் சுருங்கிவிட்டது.

ஸ்கெலட்டரை ரசிக்கலாம். அவன் வசவுக்குச் சிரிக்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வில்லனைத் தலைகீழாகப் புரட்டி நாயகனாக்குவதோடு நம் வேலை முடிந்தது என்று எழுதுகிறவர்கள் நினைக்கக் கூடாது. புரட்டினாலும் கோட்டை அப்படியே நிற்கும், சிம்மாசனத்தில் ஆள் மட்டும் மாறும். ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்றுபோன அந்த சனம் என்ன ஆனது? பீஸ்ட்மேன் வாய் திறந்தால் என்ன சொல்லுவான்? இந்தக் கதைகளை இனிமேல் திருப்பி எழுதுகிறவர்கள் அங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்.