டாக்கிங் ஹெட்ஸ்: சுவைஞர் பூசலும் தாளத்தின் உரிமையும்

இசைத்தட்டின் உறையில் சிறிய எழுத்தில் அச்சிடப்பெறும் பெயர்களை, அதனை வாங்குவோருள் பலர் படிப்பதில்லை. 1980ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'ரிமெயின் இன் லைட்' என்னும் இசைத்தட்டோ இதற்கு விலக்காயிற்று. அதன் பாடல்களை இயற்றியோர் டேவிட் பர்ன், பிரயன் ஈனோ, டாக்கிங் ஹெட்ஸ் என உறை கூறிற்று. பர்ன் என்பார் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாடகர். ஈனோ குழுவைச் சேராத ஆங்கிலேயர், அவ்விசைத்தட்டின் தயாரிப்பாளர். எஞ்சிய மூவராகிய டினா வேமத், கிறிஸ் பிரான்ட்ஸ், ஜெரி ஹாரிசன் ஆகியோர் குழுப்பெயருக்குள் மறைந்து நின்றனர். ஐவர் பெயரும் அகரவரிசையில் வருமென்றே உடன்பாடு இருந்தது என்பது அவர்கள் தரப்பின் முறையீடு. பிந்திய பதிப்புகளில் ஐவர் பெயரும் இடம்பெற்றன. பூசல் மட்டும் ஓயவில்லை. இக்குழுவின் சுவைஞர் இருவர் கூடினால், எவ்விசைத்தட்டு சிறந்தது என்று தொடங்கும் பேச்சு, அச்சிறப்பு யாருக்கு உரியது என்னும் இடத்திலேயே சென்று நிற்கும்.

இதனை இரசிகர் சண்டை என்று ஒதுக்குவார் உளர். ஒதுக்குதல் எளிது. ஆயினும், பாட்டில் படைப்பு எனப்படுவது சொல்லா, பண்ணா, தாளமா என்னும் வினா இச்சண்டைக்குள் அடங்கியிருத்தலின், திறனாய்வாளர் இதனைச் சற்றுப் பொறுமையுடன் கேட்டல் தகும்.

நியூயார்க் நகரின் பவரி வீதியில் இருந்த சிபிஜிபி என்னும் சிறு மதுக்கூடம், 1970களின் நடுவில் புதிய குழுக்கள் பலவற்றுக்குத் தொட்டிலாயிற்று. 1975 ஜூன் திங்களில், ரமோன்ஸ் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னர்ப் பாடுவதற்கென அங்கு முதன்முதலாக மேடையேறியது டாக்கிங் ஹெட்ஸ். பர்ன், பிரான்ட்ஸ், வேமத் ஆகிய மூவரும் ரோட் ஐலண்டு மாநிலத்தின் கலைக் கல்லூரியொன்றில் சந்தித்துக்கொண்டவர்கள். வேமத் குழுவுக்காகவே பேஸ் கித்தார் கற்றவர். ஹாரிசன் 1977இல் வந்து சேர்ந்தார். பங்க் இசையின் சுருக்கத்தை ஏற்று, அதன் முரட்டுத்தனத்தை விடுத்து, எள்ளலும் கலைப்பயிற்சியும் கலந்த இத்தகைய இசைக்குப் 'புதிய அலை' என்று பெயரிட்டனர். அப்பெயர் இசையின் இலக்கணத்தைச் சுட்டியதைவிட, இசைத்தட்டு வணிகருக்குப் பயன்பட்டதே மிகுதி எனலாம். பிளாண்டியும் டீவோவும் டாக்கிங் ஹெட்சும் ஒரே பெயரின்கீழ் அடங்கின என்றால், அப்பெயரின் நெகிழ்ச்சி விளங்கும்.

சுவைஞருள் ஒருசாரார் முதல் மூன்று இசைத்தட்டுகளையே போற்றுவர். 1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் வந்த அவற்றில் நால்வரின் ஒலியே பெரும்பாலும் கேட்கும். கித்தார் மெலிந்து ஒலிக்கும். பாடுவோன் பதற்றத்தோடு தொண்டை இறுகப் பாடுவான். காதலும் கண்ணீருமே பொருளாகக் கொண்ட மேடையில், அலுவலகக் கட்டடத்தையும் அரசு ஊழியரையும் பாடுபொருளாக்கிய துணிவு அவர்களை ஈர்த்தது. இரண்டாம் இசைத்தட்டுக்குக் கட்டடங்களையும் உணவையும் பற்றிய மேலும் சில பாடல்கள் என்ற பொருளில் தலைப்பிட்டதே ஒரு நகைச்சுவை. இவ்வெளிமையைப் பெருங்கூட்டம் சேர்த்துக் கெடுத்துவிட்டனர் என்பது இச்சாரார் கட்சி. எதிர்க்கட்சியினரோ, முற்பட்ட பாடல்கள் கலைக் கல்லூரி மாணவரின் குளிர்ந்த விளையாட்டு என்றும், உடலும் உயிரும் வந்தது 1980இல்தான் என்றும் கூறுவர்.

இரு சாராரும் ஒன்றை மறந்து பேசுகின்றனர். 1978ஆம் ஆண்டு இசைத்தட்டிலேயே, கறுப்பினப் பாடகர் ஆல் கிரீனின் 'டேக் மீ டு தி ரிவர்' பாடலை இக்குழு தன் நடையில் பாடியிருந்தது. மெதுவாக இழுத்துச் செல்லும் அத்தாளத்தில், பின்னர் நிகழவிருந்தது முன்னரே கேட்கிறது. 1979இல் வந்த 'ஐ சிம்ப்ரா' என்னும் பாடல், டாடா இயக்கத்தைச் சேர்ந்த ஹூகோ பாலின் பொருளற்ற ஒலிக்கவிதையைச் சொல்லாகக் கொண்டு, தாளத்தின்மேல் தாளம் அடுக்கிற்று. சொல்லுக்குப் பொருளே வேண்டா என்று விட்டவுடன் தாளம் முன்வந்து அமர்ந்துகொண்டது. அதுவே அடுத்த இசைத்தட்டுக்கு வித்து.

அவ்விசைத்தட்டு உருவான முறை கருதத்தக்கது. பகாமா நாட்டின் நசாவ் நகரிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில், எழுதிய பாடல் இன்றியே குழுவினர் கூடினர். ஒருவர் ஒரு சிறு தொடரை வாசிப்பார். மற்றவர் அதனோடு இழைவர். அவற்றுள் சிறந்த பகுதிகள் சுழன்று சுழன்று வருமாறு அமைக்கப்பெற்றன. சுரக்கூட்டை மாற்றி மாற்றிப் பாடலை நகர்த்தும் மேனாட்டு வழக்கம் பெரிதும் கைவிடப்பட்டது. ஒரே நிலையில் நின்று, ஒலியடுக்குகளைச் சேர்த்தும் நீக்கியும் பாடல் வளர்ந்தது. சொற்களும் பாடும் மெட்டும் இவற்றின்மேல் பின்னர் வந்தன. மெட்டு முதலில், தாளம் அதற்குத் துணை என்னும் வரிசை இங்குத் தலைகீழாயிற்று.

'ஒன்ஸ் இன் எ லைப்டைம்' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். வீடும் மனைவியும் வாகனமும் வாய்க்கப்பெற்ற நடுவயதினன் ஒருவன், தான் இவ்விடத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தான் என்று திகைப்பதே அதன் பொருள். அமெரிக்க வானொலிச் சமயப் பரப்பாளர்களின் பேச்சோசையைப் பர்ன் அதில் கையாண்டார். இலக்கியம் பயின்றோர் பாடலென்றால் முதலில் சொல்லையே தேடுவர். தாளில் எழுதிப் படித்தால் இப்பாடல் மெலிந்தே தோன்றும். அதனடியில் வேமத்தின் பேஸ் கித்தார் சில சுரங்களை இசைத்து, இடைவெளி விட்டு, மீண்டும் அவற்றையே இசைக்கிறது. பிரான்ட்சின் முரசு அசையாது நிற்கிறது. திகைப்பவன் திகைத்துக்கொண்டே இருக்க, வாழ்க்கை தன்போக்கில் ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்பவை அவ்விரண்டு கருவிகளே. பாடலின் பாதிப் பொருள் அங்கிருக்க, பாட்டு வரிகளை மட்டும் கொண்டு இதனை எடைபோடுவோர் பாதியையே எடைபோடுகின்றனர்.

உறையில் வந்த பெயர்வரிசை ஈண்டுத்தான் திறனாய்வுச் சிக்கலாகிறது. இசைத்தட்டு உலகின் பழைய வழக்கில், மெட்டும் சொல்லும் அமைத்தவரே இயற்றியவர். தாளம் வாசித்தவர் வாசித்தவரே. தாளத்திலிருந்தே பிறந்த பாடல்களுக்கு இவ்வழக்கைப் பொருத்துதல் எவ்வாறு முறையாகும் என்று வேமத், பிரான்ட்ஸ் இருவரையும் ஆதரிப்போர் கேட்கின்றனர். வலிய கேள்வி இது. பர்னின் பக்கம் நிற்போர் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சுழலும் ஒலித்துணுக்குகள் எத்தனையோ கூடங்களில் பாடலாகாமல் கிடக்கின்றன. அவற்றுக்கு முகம் தந்தவர் பர்ன், வடிவம் தந்தவர் ஈனோ என்பர் அவர்கள். அவ்விசைத்தட்டின் உறையில் நால்வரின் முகங்களும் சிவப்பு வண்ணம் பூசி மறைக்கப்பட்டிருப்பதை நோக்குவோர்க்குச் சிறிது நகை தோன்றுதல் கூடும்.

இரு தரப்பினரும் சான்று தேடிக் குழுவுக்கு வெளியே செல்வர். வேமத்தும் பிரான்ட்சும் 'டாம் டாம் கிளப்' என்னும் பெயரில் 1981இல் வெளியிட்ட 'ஜீனியஸ் ஆப் லவ்' பெருவெற்றி பெற்றது. அதன் இசையை 1995இல் மரியா கேரி தம் பாடலொன்றில் எடுத்தாண்டார். ஆதலின் தாளமே உயிர் என்பர் ஒருவர். பர்ன் தனித்துச் செய்தவற்றை எதிர்நிறுத்துவர் மற்றவர். இச்சான்றுகள் இரண்டும் எதிர்த்திசையிலேயே பேசுகின்றன. 'ஜீனியஸ் ஆப் லவ்' துள்ளுகிறது, இனிக்கிறது. கேட்போனை அச்சுறுத்தும் ஒன்று அதில் இல்லை. பர்னின் தனி முயற்சிகளில் அறிவுக்கூர்மை உண்டு. ஆயின் காலடியில் நிலம் உறுதியாக இருப்பதில்லை. பிரான்ட்ஸ் 2020இல் எழுதி வெளியிட்ட தன்வரலாற்றைத் தீர்ப்போலையாக ஏந்தி வருவோரும் உளர். மனத்தாங்கல் உடையோன் எழுதிய நூல் மனத்தாங்கலுக்குச் சான்றாகும். பாடல் நன்றா தீதா என்பதற்குச் செவியே சான்று.

மற்றொரு குற்றச்சாட்டு இதனினும் கடியது. நைஜீரிய இசைவாணர் பேலா குட்டியின் இசையை ஈனோவும் பர்னும் விரும்பிக் கேட்டனர். வெள்ளையர் குழு ஆப்பிரிக்காவின் பொருளை எடுத்துத் தன் பெயரில் விற்றது என்று கூறுவோர், அவ்விசைத்தட்டின் புகழையே ஐயுறுகின்றனர். கடன் மறைக்கப்படவில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். இசைத்தட்டோடு செய்தித்தாள்களுக்கு அனுப்பிய குறிப்பில், ஆப்பிரிக்கத் தாளம் பற்றி ஜான் மில்லர் செர்னாப் எழுதிய நூல் உள்ளிட்ட சிலவற்றைக் குழுவினர் சுட்டியிருந்தனர். தமிழ் மரபில் வழிநூல் செய்தவனை எவரும் கள்வன் என்றதில்லை. முதல்நூலை மறைத்தவனுக்கே இழுக்கு. அவ்வளவில் குழுவினர் நேர்மையுடையோரே. ஆயினும் இவ்வழக்கில் பூசலிடுவோர் காணத் தவறும் கடன் ஒன்று அருகிலேயே உள்ளது. 1980இல் மேடைக்கெனக் குழுவைப் பெருக்கியபோது பெர்னி வொரல், பஸ்டா ஜோன்ஸ், டொலெட் மெக்டொனல்ட், ஸ்டீவ் ஸ்கேல்ஸ் ஆகிய கறுப்பின அமெரிக்கக் கலைஞர் வந்து சேர்ந்தனர். வொரல் பார்லிமென்ட்-பங்கடெலிக் இசையின் தூண்களுள் ஒருவர். நைஜீரியாவை நூல்வழி அறிந்த குழுவினர், பங்க் இசையினும் வேறான பழைய 'பங்க்' நடன இசையை இவர்கள் விரல்வழியே பெற்றனர். தொலைவிலுள்ள கடனைப் பேசுவோர் பக்கத்தில் நின்று வாசித்தவரை மறந்துவிடுதல் வியப்பே.

இப்பூசலுக்குப் பேச்சால் அன்றிப் பாட்டால் மறுமொழி தந்தவர் அஞ்செலிக் கிட்ஜோ. மேற்காப்பிரிக்காவின் பெனின் நாட்டவராகிய அவர் 1983இல் பாரிசுக்குக் குடியேறியவர். அங்கு 'ஒன்ஸ் இன் எ லைப்டைம்' பாடலைக் கேட்டபோது, அதனை ஆப்பிரிக்க இசையென்றே உணர்ந்ததாகப் பின்னர்க் கூறியுள்ளார். 2018இல் அவர் 'ரிமெயின் இன் லைட்' முழுவதையும் தம் குரலில் புதிதாகப் பாடி வெளியிட்டார். பேலா குட்டியின் முரசுக் கலைஞராகப் புகழ்பெற்ற டோனி ஆலன் அதில் வாசித்தார். எடுத்ததை மீட்டுக்கொண்டார் என்று சுவைஞர் சிலர் ஆரவாரித்தனர். அவர் பாடலில் வெப்பமும் தெளிவும் மிகுதி. குரல் தாளத்தின்மேல் சவாரி செய்கிறது. மூலத்தில் இருந்து அதில் இல்லாதது அச்சம். தன் வீட்டில் தானே அயலானாக நிற்கும் மனிதனின் நடுக்கம், கிட்ஜோவின் உறுதியான குரலுக்குள் வர மறுக்கிறது. 1980ஆம் ஆண்டு இசைத்தட்டின் தனிச்சிறப்பு இவ்வேறுபாட்டில் வெளிப்படுகிறது. ஆடத் தெரியாதவன் ஒருவன், ஆடுவோர் நடுவே அகப்பட்டுக்கொண்ட நிலை அது. நடுங்கும் குரல் ஒருவருடையது. நடுங்காத தாளம் பிறருடையது. இரண்டில் ஒன்றை நீக்கினால் எஞ்சுவது இனிய இசையாகலாம், அவ்விசையாகாது.

1983இல் வந்த 'பர்னிங் டவுன் தி ஹவுஸ்' அமெரிக்கப் பட்டியலில் 9ஆம் இடம் பெற்றது. அதன்பின் வந்த இசைத்தட்டுகள் நல்ல பாடல்கள் சிலவற்றைக் கொண்டவை; அவற்றைக் குறித்துச் சுவைஞர் அவ்வளவாக மோதிக்கொள்வதில்லை என்பதே ஒரு மதிப்பீடு. 1991இல் குழு கலைந்தது அறிவிக்கப்பட்டது. 2002இல் ஒருமுறை நால்வரும் மேடையில் கூடி வாசித்தனர். 2023இல் டொராண்டோ திரைப்பட விழாவில், ஜோனதன் டெமி இயக்கிய 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என்னும் 1984ஆம் ஆண்டுப் படம் மறுபடி திரையிடப்பட்டபோது ஒன்றாக அமர்ந்து பேசினர்.

அப்படத்தில் பர்ன் அணிந்து வரும் மிகப்பெரிய மேலங்கியையே பார்த்தவர் பலரும் நினைவில் வைத்துள்ளனர். படத்தின் தொடக்கமோ வேறு. வெற்று மேடைக்குப் பர்ன் தனியே வருகிறார்; ஒலிநாடாப் பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து, கித்தாரோடு பாடுகிறார். அடுத்த பாடலுக்கு வேமத் வந்து அருகில் நிற்கிறார். அதற்கடுத்து, முரசுகள் ஏற்றிய மேடையைப் பணியாளர் உருட்டி வர, பிரான்ட்ஸ் சேர்கிறார். நான்காம் பாடலில் ஹாரிசன் வருகிறார். ஒவ்வொருவர் வந்து சேருந்தோறும், முன்னர் ஒலித்ததில் எது குறைந்திருந்தது என்பது செவிக்குத் தெரிகிறது.