கேட்கிறவனும் பேசுகிறவனும்

கூட்டத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்று நாவல் எழுதுகிறவர்கள் எல்லோருமே சொல்வோம். இரண்டு பேர் பேசிக்கொள்வதை எப்படியோ எழுதிவிடலாம். ஒரு கல்யாண வீட்டில் பதினைந்து பேரை நடமாட விட்டு, பதினைந்து பேரையும் வாசகர் மனசில் நிறுத்துவது வேறு விஷயம். மூன்று பேர் பேசுவார்கள். பாக்கிப் பேர் ‘முதலியோர்’ ஆகிவிடுவார்கள்.

எங்களைவிட இந்தச் சங்கடத்தை அதிகமாக அனுபவிக்கிறவர்கள் உண்டு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடுகிறவர்கள் அவர்கள். இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். “குகை வாசலில் நிற்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று நடத்துகிறவர் கேட்பார். ஆடுகிறவர்கள் சொல்வார்கள். செய்த காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். மேடை கிடையாது, எழுதி வைத்த வசனம் கிடையாது. கதை அந்த மேஜைமேலேயே பிறந்து வளர்கிறது.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் 1974-ல் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு மூலநூல். அதன் துணிச்சல் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஒரே தொடர்கதையில் நாலு பேர் முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம் என்கிறது. ஏறக்குறைய இருபது பேருக்கு ஒரு நடுவர் போதுமாம். ஐம்பது பேரும் ஒரே ராத்திரி வந்து உட்கார வேண்டும் என்பதில்லை. ஆனாலும் இருபது வாய்களுக்கு ஒரு ஜோடிக் காது என்பது சாமானியக் கணக்கில்லை.

இதற்கு அந்த நூல் கண்ட உபாயம் என்ன? கூட்டத்தின் சார்பில் ஒருவர் பேசுவது. அதில் வரும் மாதிரி உரையாடலில் நடுவருடன் பேசுகிறவர் ஒரே ஆள்தான். 1981-ல் டாம் மோல்ட்வே திருத்தி வெளியிட்ட ஆரம்பப் பாடநூல் இந்தப் பதவியை விளக்கமாகவே சொல்கிறது. தாங்கள் செய்ய நினைப்பதை மற்றவர்கள் அவரிடம் சொல்லவேண்டும். அவர் அதைத் திரட்டி நடுவரிடம் சொல்வார்.

ஓர் ஆபீஸுக்கு இது நல்ல ஏற்பாடு. சத்தம் அடங்கும், வேலை நடக்கும். ஆனால் வேஷம் கட்ட வந்தவர் தன் வாயையே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால், அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? பகடை மட்டும் இருக்கிறது. தன் முறை வரும்போது உருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கூச்ச சுபாவமுள்ளவர் இரண்டு ராத்திரி அப்படி உட்காருவார். மூன்றாம் ராத்திரி வரமாட்டார். அவர் வராதது யாருக்கும் உறைக்காது என்பதுதான் இதில் உள்ள அநியாயம். பிற்காலத்தில் அந்தப் பதவி வழக்கொழிந்து போயிற்று. நாலைந்து பேர் போதும் என்று கூட்டத்தையே சுருக்கிக்கொண்டார்கள். அது சிக்கலிலிருந்து விலகிப் போனதே தவிர, சிக்கலை அவிழ்த்ததாகாது.

காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. கூடிய பிறகு கடல் வரையில் போவது பாலாறு என்ற ஒரு பெயர்தான். ஆறுகள் அதற்காக வருத்தப்படுவதில்லை. மனிதர்கள் வருத்தப்படுவார்கள். தன் பெயர் போகாமல் கூட்டத்தில் கலக்க மனிதனுக்கு ஏதாவது வழி உண்டா என்றால், அந்த மூன்று ஆறுகளும் பாயும் தொண்டை மண்டலத்திலேயே உண்டு என்று சொல்வேன். தெருக்கூத்தைத்தான் சொல்கிறேன்.

திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடக்கிறதே, அதில் உள்ள ஜனத்தொகையை நினைத்துப் பாருங்கள். பாண்டவர் ஐவர், கௌரவர் நூற்றுவர், பீஷ்மர், துரோணர், கர்ணன், சகுனி, கிருஷ்ணன். ஆடுகிற ஜமாவிலோ பத்துப் பதினைந்து பேருக்குமேல் இருக்கமாட்டார்கள். இத்தனையையும் கட்டி மேய்க்கிறவன் கட்டியக்காரன். அவனை வெறும் கோமாளி என்று நினைக்கிற பட்டணத்து ரஸிகர்கள் உண்டு. அவன் செய்கிற முக்கியமான காரியத்தை அவர்கள் கவனிப்பதில்லை.

இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வேஷம் பாடுகிறது. சலங்கைச் சத்தம் கேட்கிறது. கட்டியக்காரன் முன்னால் நின்று, வந்திருப்பது யார், எந்த தேசம், என்ன காரியம் என்று விசாரிக்கிறான். வேஷக்காரன் தன் வாயாலேயே தன்னைச் சொல்லிக்கொள்கிறான். துரியோதனனானாலும் சரி, துச்சாதனனானாலும் சரி, முதல் வார்த்தை அவனுடையது. அமெரிக்க நூல் சொல்லும் பிரதிநிதி பிறருக்காகப் பேசுகிறவர். கட்டியக்காரன் பிறரைப் பேச வைக்கிறவன். இரண்டு பேரும் கூட்டத்துக்கும் கதைக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒருவர் வாங்கிக்கொள்கிறார், இன்னொருவன் கொடுக்கிறான்.

கூத்தின் சாமர்த்தியம் இதோடு நிற்கவில்லை. தன் வேஷம் இல்லாத நேரத்தில் கூத்தாடி சும்மா இருப்பதில்லை. பின்பாட்டில் சேர்ந்து அடியை வாங்கிப் பாடுகிறான். காத்திருப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. தவிர, முழுப் பாரதத்தையும் ஒரே ராத்திரியில் திணிக்கிற பேராசை கூத்துக்குக் கிடையாது. அர்ஜுனன் தபசு ஒரு ராத்திரி, கர்ண மோட்சம் ஒரு ராத்திரி, பதினெட்டாம் போர் ஒரு ராத்திரி. நேற்றைக்கு நாயகனாக இருந்தவன் இன்றைக்கு ஓரத்தில் நிற்கிறான். இன்றைக்கு ஓரத்தில் நிற்கிறவனுக்கு நாளை ராத்திரி இருக்கிறது.

பார்க்க வந்த ஊராருக்கும் வேலை உண்டு. பகாசுரனுக்குச் சோறு ஏற்றிய வண்டி தெருவோடு போகிறது. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொட்டலில் நீட்டிப் படுத்திருக்கிறான். அவனைச் சுற்றி நிற்கிற ஜனங்களைப் பார்வையாளர் என்று சொல்வதா, பாத்திரங்கள் என்று சொல்வதா? எனக்குத் தெளிவாகப் பிரிக்க முடியவில்லை.

ஒரு வித்தியாசத்தை நான் மறைக்க விரும்பவில்லை. கூத்தில் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். துரியோதனன் பிழைக்கப் போவதில்லை. மேஜை விளையாட்டில் யார் பிழைப்பார் என்பது நடத்துகிறவருக்கே தெரியாது. கூத்தின் முறைக்குச் செலவும் அதிகம். ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்தால் பொழுது விடிந்துவிடும். கட்டியக்காரன் தன் ஹாஸ்யத்திலேயே மயங்கிப்போய், வந்த வேஷத்தை மறந்து நிற்பதும் உண்டு.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இந்தத் திரைக்கு முன்னால் நீண்ட காலம் பெண்களை யாரும் கேட்கவில்லை. பெண்கள் விடிய விடிய உட்கார்ந்து கண்ணீர் விட்ட திரௌபதி, வேஷம் கட்டிய ஆண்பிள்ளை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் குழந்தைகளும் கூத்துப் பயின்றார்கள். கேட்கும் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், யாரைக் கேட்பது என்பதையும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும் என்பதற்கு இது அத்தாட்சி.

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோவிலில் வீரராஜேந்திர சோழன் (ஆட்சிக்காலம் 1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே நடந்த வேதபாடசாலையையும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் அது விவரிக்கிறது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்கிறவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருகிறவர் என்று ஆளுக்கு ஆள் வேலையும் கூலியும் சொல்லியிருக்கிறது. வைத்தியருக்கும் தண்ணீர்க்காரருக்கும் கூலி சமமில்லை. ஆனால் ‘முதலியோர்’ என்று அந்தக் கல்லில் யாரையும் தள்ளிவிடவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதல்ல, எவரையும் எண்ணாமல் விடாதிருப்பதே கூட்டத்தை நடத்துகிற தர்மம் என்று அந்தக் கல்லை வைத்துச் சொல்லத் தோன்றுகிறது.

பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு கதை நடத்துகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். கூட்டத்துக்கு ஒரு பிரதிநிதியைத் தேடாதீர்கள். நீங்களே கட்டியக்காரனாக இருங்கள். உரக்கப் பேசுகிறவர் எப்படியும் பேசிக்கொள்வார். கடைசி நாற்காலியில் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் பக்கம் திரும்பி, “வந்திருப்பது யார்?” என்று கேளுங்கள். பதில் வருகிற வரையில் மற்றவர்கள் காத்திருக்கட்டும்.