பன்னாட்டு வணிக மின்மயமாக்கமும் நாட்டின் போட்டித்திறனும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

பன்னாட்டு வணிகம் மின்மயமானால் செலவு குறையும். செலவு குறைந்தால் ஏற்றுமதி பெருகும். அதனால் நாட்டின் போட்டித்திறன் உயரும் என்பது பொருளாதார ஆய்வுகளில் பரவலாகக் காணப்படும் கருத்தாகும். இக்கருத்து தொழில்நுட்பத்தையே முதற்காரணமாகக் கொள்கிறது. அத்தொழில்நுட்பம் யாருடைய கையில் உள்ளது, அதனைச் சட்டம் ஏற்கிறதா என்னும் இரு வினாக்களுக்கு அதில் போதிய இடமில்லை. இவ்விரு வினாக்களின் வழி அக்கருத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தளத்தின் உரிமை

1985ஆம் ஆண்டுப் பொருளாதாரப் பின்னடைவுக்குப் பின், வணிகச் செலவைக் குறைக்க முற்பட்ட சிங்கப்பூர் 1989இல் டிரேட்நெட் என்னும் தளத்தைத் தொடங்கியது. பல அரசுத் துறைகளிடம் தனித்தனியே பெற்ற அனுமதிகள் ஒரே மின்விண்ணப்பத்தின் வழிக் கிடைத்தன. நாள்கணக்கில் நீண்ட பணி நிமிடங்களில் முடிந்தது. அரசு அமைப்புகளின் பின்புலத்தில் இயங்கிய இத்தளம் வணிகர் எவருக்கும் போட்டியாளர் அன்று.

இதற்கு மாறானது, மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் 2018இல் அறிமுகப்படுத்திய டிரேட்லென்ஸ். பிளாக்செயின் நுட்பத்தில் அமைந்த இத்தளத்தில் எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்ற பெருநிறுவனங்களும் இணைந்தன. எனினும் 2022 நவம்பரில் அதனை மூடும் அறிவிப்பு வெளியானது. உலகளாவிய முழு ஒத்துழைப்பு கிட்டவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். போட்டியாளர் ஒருவரின் தளத்தில் தம் தரவுகளை ஒப்படைப்பதில் பிறருக்குள்ள தயக்கத்தை நுட்பத்தின் மேன்மை மட்டும் போக்கிவிடாது என்பதை இதனால் உணரலாம்.

சட்டத்தின் ஏற்பு

பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் சரக்குப் பத்திரம் வெறும் ரசீது அன்று. சரக்கின் மீதான உரிமையைக் கைமாற்றும் ஆவணம். வங்கிகள் அதனை ஈடாகக் கொண்டு கடன் அளிக்கின்றன. தாளைக் கையில் வைத்திருத்தல் போல மின்கோப்பை உடைமையாக வைத்திருக்க இயலாது என்பதே ஆங்கிலச் சட்டத்தின் நெடுநாளைய நிலைப்பாடாக இருந்தது. ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 2017இல் இதற்கென ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தது. சிங்கப்பூர் 2021இல் அதனைத் தழுவித் தன் சட்டத்தைத் திருத்தியது. பிரிட்டனில் மின்வணிக ஆவணச் சட்டம் 2023 செப்டம்பர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் ஒரு நாட்டின் சட்டம் மட்டும் போதாது. சரக்கு சென்றடையும் நாடும் மின்பத்திரத்தை ஏற்காவிடில், ஏற்றுமதியாளர் தாள், மின்கோப்பு என இருவகை நடைமுறைகளையும் பேண வேண்டும். பெருநிறுவனம் அச்சுமையைத் தாங்கும். சிறு ஏற்றுமதியாளரின் இலாபத்தை அது அரித்துவிடும். மின்மயமாக்கத்தால் பெருகும் ஏற்றுமதி யாருடையது என்று பிரித்துக் காணாத ஆய்வு இவ்விழப்பைக் காணத் தவறும்.

முடிவுரை

மின்மயமாக்கம் போட்டித்திறனைத் தானாகவே உயர்த்துவதில்லை. நடுநிலையான தளமும், வணிகம் செய்யும் இரு நாடுகளிலும் செல்லுபடியாகும் சட்டமும் அமைந்த இடத்திலேயே அதன் பயன் சிறு வணிகரையும் சென்றடையும். எனவே ஒரு நாட்டின் முன்னேற்றத்தை மதிப்பிடும்போது, எத்தனை ஆவணங்கள் மின்வடிவம் பெற்றன என்பதோடு, அவற்றுள் எத்தனை எல்லைக்கு அப்பாலும் உரிமை ஆவணமாக நிற்கின்றன என்பதையும் கணக்கிடுதல் வேண்டும்.